இடாப்பு உரைக்கும் செய்தி



மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள் உண்டு. ஞாயிறு எழும் கடற்புறத்து நிலம் எழுவான்கரை. ஞாயிறு சாயும் வயற்புறத்து நிலம் படுவான்கரை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேலாக நீண்டு கிடக்கும் இவ்வாவியின் நீர் ஒன்றேயாயினும், இரு கரைகளின் வாழ்வும் ஒன்றன்று. கடைத்தெருவும் பெரிய வைத்தியசாலையும் பேர்பெற்ற பாடசாலைகளும் எழுவான்கரைக்கு வாய்த்தன. வயலும் குளமும் காடும் படுவான்கரைக்கு வாய்த்தன. நான் ஆசிரியப் பணியில் அமர்ந்த 1990களில் மண்முனைத் துறையில் பாலம் இல்லை. அது 2014ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. "பாதை" என்று நம்மவர் வழங்கும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குச் செல்லுதல் வேண்டும். போர்க்காலமாதலால் அதுவும் எல்லா நாளும் கைகூடுவதில்லை.

அக்கரையில், ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். கூரிய அறிவினன், கணக்கில் வல்லவன். புலமைப்பரிசில் பரீட்சையில் அவன் தேறுவான் என நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஆனால் இரண்டாம் தவணையில் அவன் போக்கு மாறிற்று. ஒருநாள் வருவான், மறுநாள் வாரான். அதற்கடுத்த நாள் வந்து, ஏதும் நிகழாதவன் போல் அமர்ந்திருப்பான். முகத்தில் நோயின் குறி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. "விரும்பிய நாளில் வருவதற்கு இது சந்தையா?" என்று வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்துரைத்தேன். அவன் தலை கவிழ்ந்து நின்றான், மறுமொழி கூறவில்லை.

அடுத்த நாள் அவன் தாயார் வந்தார். "ஐயா, பிள்ளைக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரெடுத்து நடுங்குகிறான். காய்ச்சல் விட்ட நாளில், போகாதே என்றாலும் கேளாமல் உங்களிடம் வந்துவிடுகிறான்" என்றார். நான் இடாப்பைத் திறந்து பார்த்தேன். வந்த நாளும் வாராத நாளும் மாலையிற் கோத்த இருநிற மணிகள் போல மாறி மாறி நின்றன. மலேரியாவின் கிருமி நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை குருதியில் பெருகி வெடிக்கும் ஒழுங்கு அது. நானே என் கையால் நாள்தோறும் அந்த ஒழுங்கை எழுதி வந்திருக்கிறேன். ஆயினும் ஒருநாளேனும் அதைப் படித்தேனில்லை.

அவ்வாண்டுப் பரீட்சையில் அவன் தேறவில்லை. அதற்குக் காய்ச்சல் காரணமா, என் சொல் காரணமா என்பதை இன்றும் என்னால் பிரித்துக் கூற இயலவில்லை. இன்றைய பேச்சுக்கு அவனே காரணம்.

நேயர்களே, பிணிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு எவரும் அறிந்ததுதானே, அதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு என்று அறிவது வேறு. எவ்வளவு உண்டு, எதனால் உண்டு, எது செய்தால் தீரும் என்று அறிவது வேறு. வறிய வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலும் மிகுதி. நூலும் விளக்கும் குறைவு. அவன் பின்தங்கினால் பழியை எதன்மேற் சுமத்துவது? அதைப் பிரித்தறியும் தராசே ஆராய்ச்சி.

அத்தகைய தராசு ஒன்றை நம் நாட்டிலேயே பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவ அறிஞர் தீபிகா பெர்னாண்டோவும் அவருடன் பணியாற்றியோரும் தென்னிலங்கையில் மலேரியா மிகுந்த பகுதியொன்றில், ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான 587 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தனர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர்க்கு வாரந்தோறும் குளோரோகுயின் மாத்திரையும், மற்றையோர்க்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுக்கப்பட்டன. எவர்க்கு எது என்பதைப் பிள்ளைகளும் அறியார், கொடுத்தவரும் அறியார். 2006ஆம் ஆண்டு முடிவுகள் வெளியாயின. மருந்து பெற்றோரிடையே மலேரியா 55 வீதமும், மலேரியாவால் பாடசாலைக்கு வாராமை 62.5 வீதமும் குறைந்திருந்தன. மொழியிலும் கணிதத்திலும் அவர்கள் மற்றையோரினும் ஏறத்தாழ 26 வீதம் மிகுதியான புள்ளி பெற்றனர். ஆசிரியரும் பாடநூலும் மாறவில்லை. காய்ச்சல் ஒன்றே விலகிற்று. "மந்தமானவன்" என்று நாம் முத்திரை குத்திய பிள்ளைகளில் எத்தனை பேர் மெய்யாகவே மந்தமானவர்கள்?

இன்னுமோர் ஆய்வு பழைய கணக்கைத் திருப்பிப் பார்த்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கி நுளம்பு பெருக, இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவால் மாண்டனர். 1946ஆம் ஆண்டு முதல் வீடுதோறும் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் பதினேழு பேரே. இந்த மாற்றத்தை ஆராய்ந்த பொருளியலறிஞர் ஏட்ரியன் லூக்கஸ், இலங்கையிலும் தென்னமெரிக்கப் பரகுவாயிலும் மலேரியா மிகுந்திருந்த இடங்களில், நோய் ஒழிந்த பின் பெண்களின் கல்வியாண்டுகளும் எழுத்தறிவும் உயர்ந்தன என 2010ஆம் ஆண்டில் காட்டினார். இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு பாடசாலைக் கதவைத் திறந்தது; அக்கதவுவரை நடந்துவரும் வலிமையை நுளம்பொழிப்பு தந்தது எனலாம்.

ஆனால் பதினேழு பேர் என்றவுடன் நாடு கண்ணயர்ந்தது. 1969ஆம் ஆண்டில் மலேரியா கண்டோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தொழுநோயினும் கொடிது மறதிநோய். பின்னர் போர் நடுவிலும் சுகாதாரப் பணியாளர் தளராது உழைத்தனர். 2012ஆம் ஆண்டு ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

ஆராய்ச்சி எப்போதும் ஒரே குரலில் பேசும் என்று எண்ணிவிடலாகாது. கென்யா நாட்டின் புசியா மாவட்டத்தில் 75 பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பூச்சிமருந்து கொடுத்து ஆராய்ந்த மிகுவெல், கிரேமர் என்னும் இருவர், வாராமை கால்பங்கு குறைந்ததென 2004ஆம் ஆண்டில் எழுதினர்; பரீட்சைப் புள்ளி உயரக் காணவில்லை என்பதையும் மறைக்காது எழுதினர். 2015ஆம் ஆண்டில் வேறு அறிஞர் அக்கணக்கை மீளப் போட்டுப் பார்த்து, சில முடிவுகளை ஐயுற்றனர், வாதம் மூண்டது. இதனால் ஆராய்ச்சி பயனற்றதென்பது பொருளன்று. விடையை மட்டும் எழுதும் மாணவனினும் வழியையும் எழுதுபவனே மேலானவன். பிழையிருப்பின் அவனிடந்தான் அதைக் காணவும் திருத்தவும் முடியும்.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். மலேரியா அகன்றாலும் நுளம்பு அகலவில்லை; இன்று நம்மை வருத்துவது டெங்கு. டெங்கு நுளம்பு நன்னீரிலேயே முட்டையிடும் என்றே நாம் மாணவர்க்குக் கற்பித்து வந்தோம். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தாரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்ட ஓர் ஆய்வு, மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தேடிப் பார்த்து, உவர்நீரிலும் அது வளர்வதை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டது. கடல்நீரின் உவர்ப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான நீரிலும் அதன் குடம்பிகள் காணப்பட்டன. எங்கெங்கே? கைவிட்ட தோணிகளில், பாவனையற்ற கிணறுகளில், எறிந்துவிட்ட பிளாத்திக்குக் கோப்பைகளில். நம் கரையில் கவிழ்க்காது விடப்பட்ட தோணிகள் எத்தனை என்று நேயர்கள் நாளைக் காலை எண்ணிப் பாருங்கள். நூலில் இல்லாத உண்மை ஒன்று நம் வாசலிலேயே கிடந்தது. குனிந்து பார்த்தவர்க்கு அது தென்பட்டது.

ஆசிரியர்களுக்கு இரண்டொரு வார்த்தை. இடாப்பை மாத இறுதியில் கூட்டிக் கையொப்பமிடும் ஏடாக மட்டும் கொள்ளாதீர்கள். வெள்ளிதோறும் ஒருமுறை படியுங்கள். வாராதவன் பெயருக்கு எதிரே, அவன் ஏன் வரவில்லை என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் பலர் காய்ச்சலால் வராதிருப்பின், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே அறிவியுங்கள். தண்டிக்குமுன் ஒரு வினா வினவுங்கள். பெற்றோரே, பிள்ளைக்கு என்ன நோய் என்பதைக் கூச்சமின்றி எங்களுக்குச் சொல்லுங்கள். எங்கள் அறியாமைக்கும் அதுவே மருந்து.

நான் இன்று அதிபராக அமர்ந்திருக்கும் அறையில், மேசைமேல் முதலில் இருப்பது இடாப்பே. அதைத் திறக்குந்தோறும் தலை கவிழ்ந்து நின்ற அந்தச் சிறுவனை நினைக்கிறேன். காய்ச்சல் விட்ட ஒரு நாளைக்கூட வீணாக்காது என்னிடம் வந்தவன் அவன். அவனையன்றோ நான் சோம்பேறி என்றேன்!