எங்க அழுத்தணும், எங்க அழுத்தக் கூடாது

முதல் தடவை பிசி அசெம்பிள் பண்றவங்க என்கிட்ட அதிகமா கேக்குற கேள்வி இதுதான்: "பிராசஸரை நானே மாட்டலாமா, இல்ல கடையிலேயே கொடுத்துடவா?"

தாராளமா நீங்களே மாட்டலாம். ஆனா மாசக்கணக்கா காசு சேர்த்து வாங்கின பொருள்ங்கிறதால கை நடுங்கும். அந்த பயத்துல நிறைய பேர் அழுத்தக் கூடாத இடத்துல அழுத்துறாங்க, அழுத்த வேண்டிய இடத்துல விட்டுடுறாங்க.

முதல்ல, பலமே கொடுக்கக் கூடாத இடம். இன்டெலோட எல்ஜிஏ 1700 சாக்கெட்ல 1700 பின் இருக்கு. எல்லாமே மதர்போர்டு பக்கம்தான். 2022-ல வந்த ஏஎம்டி ஏஎம்5-லயும் அப்படியே, 1718 பின். பழைய ஏஎம்4-ல மட்டும் 1331 பின்னும் பிராசஸரோட அடியில இருக்கும். எந்தப் பக்கம் இருந்தாலும் பின் வளைஞ்சா வாரன்ட்டி பெரும்பாலும் கை கொடுக்காது. அதனால பிராசஸரை ஓரத்துல பிடிங்க. மூலையில இருக்குற முக்கோணக் குறியை சாக்கெட்ல இருக்குற குறியோட பொருத்தி, மெதுவா வைங்க. அதோட எடையிலயே உக்காரணும். உக்காரலைன்னா எடுத்து திசையைப் பாருங்க.

அடுத்து, பலம் கொடுக்க வேண்டிய இடம். எல்ஜிஏ 1700, ஏஎம்5 சாக்கெட்ல லீவரை இறக்குறப்போ நல்லாவே அழுத்தணும். நறநறன்னு சத்தம்கூட வரும். நெஞ்சு பதறும், ஆனா அது சகஜம்தான். மேல இருக்குற பிளாஸ்டிக் மூடி அப்போ தானா கழண்டு வரும். அதைத் தூக்கிப் போடாதீங்க. போர்டை சர்வீஸுக்கு அனுப்பணும்னா தேவைப்படும்.

இப்போ ஹீட்சிங்க். அடியில பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தா மறக்காம உரிச்சிடுங்க. ரெண்டு உலோகப் பரப்பும் பாக்க வழவழன்னு இருந்தாலும், நடுவுல கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். அதுல காத்து நின்னா சூடு கடக்காது. அதை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். நடுவுல ஒரு பட்டாணி அளவு போதும். ஸ்க்ரூவை ஒண்ணை முழுசா முடுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. எதிரெதிர் மூலையா, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு சுத்து. அப்பதான் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமா விழும். கடைசியா ஃபேன் ஒயரை போர்டுல சிபியு ஃபேன்னு போட்டிருக்குற இடத்துல சொருகுங்க.

ஆன் பண்ணதும் பயாஸ்ல வெப்பநிலையைப் பாருங்க. சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டி ஏறினா ஆஃப் பண்ணிட்டு ஹீட்சிங்க்கை மறுபடி சரிபாருங்க. இன்னைக்கு இருக்குற பிராசஸர்கள் ரொம்ப சூடானா தானே வேகத்தைக் குறைச்சுக்கும், அதுக்கும் மீறினா அணைஞ்சுடும். அதனால பதறாதீங்க.

ஏஎம்4 வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு. ஹீட்சிங்க்கைக் கழட்டுறப்போ நேரா மேல இழுக்காதீங்க. காஞ்ச பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிட்டு வந்துடும். பத்து நிமிஷம் ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, லேசா இடமும் வலமும் திருப்பி எடுங்க.

மாட்டிப் பாத்துட்டு எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல ரேம் பத்திப் பேசலாம்.