முறிந்த காலைக் காக்கும் முதல் மணி நேரம்

(ஊராட்சித் தலைவர்கள், மகளிர் குழுவினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, கிணறு, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றியே நான் பேசக் கேட்டுப் பழகிய தங்களுக்கு, இன்று முறிந்த காலைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். காரணம் உண்டு. நம் ஒன்றியத்தில் டிராக்டர் கவிழ்ந்து, கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்த வாலிபர் ஒருவரை, உறவினர் முதலில் கட்டுப் போடுபவரிடம் கொண்டு சென்றனர். பச்சிலை பூசி, மூங்கில் சிம்பு வைத்து இறுகக் கட்டினர். மூன்றாம் நாள் அவர் மருத்துவமனையை அடைந்தபோது கால் அழுகியிருந்தது. உயிரைக் காக்கக் காலை எடுத்துவிட நேர்ந்தது. அவ்வூருக்குச் சாலை அமைத்த நாம் இதனைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று வருந்தினேன்.

கணைக்கால் எலும்பின் முன்புறத்தில் தசையில்லை. தோல் ஒன்றே போர்வை. ஆகவே பலத்த அடிபட்டால் தோல் கிழிந்து, மண்ணும் சாணமும் எலும்புவரை புகுகின்றன. 1865-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணை, ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் மூடினார். புண் சீழ்ப்பிடிக்கவில்லை, ஆறு வாரங்களில் எலும்பு கூடிற்று. எலும்பைவிடப் புண்ணே முதற்கவலை என்பதே அதன் பாடம்.

இன்றும் அதுவே முறை. நோயாளி வந்தவுடன் கிருமிகளை ஒழிக்கும் மருந்தையும் தடுப்பூசியையும் செலுத்துகின்றனர். அறுவை அறையில் உப்புநீரால் புண்ணை நன்கு கழுவி, செத்த தசையையும் எலும்புத் துண்டுகளையும் நீக்குகின்றனர். எலும்பில் கம்பிகளைச் செலுத்தி, காலுக்கு வெளியே உலோகச் சட்டத்தில் பிணைத்து, முறிவை அசையாமல் நிறுத்துகின்றனர். சில நாட்களுக்குள், உடலின் வேறிடத்துத் தசையையோ தோலையோ கொண்டு எலும்பை மூடுகின்றனர். எலும்பே குறைந்துபோயிருந்தால், சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்னும் மருத்துவர் கண்ட வளையச் சட்டத்தால், நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் புது எலும்பை வளர்க்கின்றனர். காலைக் காக்க இயலுமா என்று மதிப்பிட, நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையினர் வகுத்த புள்ளி முறையும் உண்டு. தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றின் சேதத்திற்கும் 1 முதல் 5 வரை புள்ளியிட்டு, நோயாளியின் பிற நோய்களையும் சேர்த்துக் கணக்கிடுவர்.

இத்தனை திறமையும் பயன்படுவது, நாம் காலத்தில் கொண்டு சேர்த்தால்தான். ஆகவே, 108-ஐ உடனே அழையுங்கள். சுத்தமான துணியால் புண்ணை மூடுங்கள். இரத்தம் பெருகினால் அத்துணியின்மேல் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், சாம்பல், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டா. வெளிவந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். இரு பக்கமும் பலகை வைத்து, இறுக்காமல் கட்டுங்கள். விரல்கள் நீலம் பாரித்தால் கட்டைத் தளர்த்துங்கள். செலவுக்கு அஞ்சித் தாமதிக்க வேண்டா. சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது.

கட்டுப் போடும் பெரியவர்களை நான் இகழவில்லை. தோல் கிழிந்த முறிவைக் கண்டால், "மருத்துவமனைக்குச் செல்லுங்கள்" என்று முதலில் சொல்பவர்கள் அவர்களாகவே இருக்கட்டும். ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் சுத்தமான துணியும் இரண்டு பலகைகளும் ஒரு பெட்டியில் இருக்கட்டும். உழைப்பவனுக்குக் கால் ஒரு சொத்து. அதனைக் காப்பதும் கிராம வளர்ச்சியே.