சுக்குத் தூசியா, கிருமியா?



மட்டாஞ்சேரி கடைவீதியில் சுக்கு, மிளகு மூட்டைகள் அடுக்கிய குடோன்கள் உண்டு. அங்கே மூட்டை தூக்கும் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். மூன்று வாரமாக இருமுகிறார்.

"சுக்குத் தூசிதான், வேற ஒண்ணுமில்லை" என்கிறார்.

"ஏங்க, சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குதே. தூசிக்குக் காய்ச்சல் வருமா?" என்று மனைவி கேட்கிறார்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் அவருடைய சளியில் இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் சளி எடுக்க ஒரு சின்ன டப்பா கொடுப்பார்கள். சோதனைக்குக் காசு இல்லை. டப்பாவில் எச்சிலைத் துப்பினால் பயன் இல்லை. மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். காலையில் எழுந்ததும் வரும் சளி நல்லது. திறந்த வெளியில் நின்று எடுக்க வேண்டும். எச்சிலைக் கொடுத்துவிட்டு, "நோய் இல்லையாம்" என்று நிம்மதியாகப் போகிறவர்களும் உண்டு. அந்த நிம்மதி ஆபத்தானது.

காசநோய்க் கிருமி மெல்லிய குச்சி போல இருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 300 கிருமிகளை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு சிறியது. 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் டாக்டர் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைப் பற்றி உலகுக்குச் சொன்னார்.

ஆனால் குச்சி வடிவம் மட்டும் போதாது. டைபாய்டு கிருமியும் குச்சிதான். தயிரைப் புளிக்க வைக்கும் நல்ல கிருமிகளிலும் குச்சிகள் உண்டு. பிறகு எப்படி அடையாளம் காண்பது?

சாயம் காட்டிக் கொடுக்கும். காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போன்ற உறை இருக்கிறது. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காய வைப்பார்கள். அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி வரும்வரை சூடு காட்டுவார்கள். சூட்டில் சாயம் உறைக்குள் புகுந்துவிடும். பிறகு அமிலம் ஊற்றுவார்கள். மற்ற கிருமிகள் பெரும்பாலும் சாயத்தை விட்டுவிடும். இது விடாது. கடைசியில் நீலச் சாயம். ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகள்! தொழுநோய்க் கிருமிக்கும் இந்தக் குணம் உண்டு.

சளியில் கிருமிகள் குறைவாக இருந்தால் மைக்ராஸ்கோப்பில் தெரியாமல் போகலாம். இப்போது வேறு இயந்திரமும் இருக்கிறது. அது கிருமியின் மரபுப் பொருளையே தேடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லும். ரிபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து வேலை செய்யுமா என்றும் சொல்லிவிடும்.

இந்தக் கிருமி மெதுவாகத்தான் பெருகும். ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சில கிருமிகள் மருந்துக்கு அகப்படாமல் பதுங்கிக் கிடக்கும். அதனால் சாதாரணமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். "இனி எதற்கு மாத்திரை?" என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறக்கூடும்.

கூலி போகுமே, குடும்பத்தைப் பிரிய வேண்டுமே என்று அவர் பயப்படுகிறார். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் தங்கியது போலக் குணமாகும் என்று 1959-ல் அந்த மையத்தின் ஆய்வு காட்டியது.

வீட்டில் உள்ளவர்களையும் சோதனைக்குக் கூட்டி வரச் சொல்வார்கள். மறுநாள் காலை அந்த அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்து வரிசையில் நிற்கிறார். அவர் கையில் கணவரின் சளி டப்பா இருக்கிறது.