கையில் காசிருந்தால்தான் ரோடா?

(ஒரு சொற்பொழிவு)



அமெரிக்காவில் ரோடு போட ராஜ்யங்களுக்கு மத்திய சர்க்கார் பணம் கொடுக்கிறது. சும்மா கொடுப்பதில்லை. "என் பங்கு தயார், உன் பங்கை எடுத்து வை" என்கிறது. 1916-ம் வருஷச் சட்டத்தில் பாதிக்குப் பாதி. 1956-ல் 41,000 மைல் பெருஞ்சாலைத் திட்டம் வந்தபோது மத்திய சர்க்கார் 90, ராஜ்யம் 10. மற்ற ரோடுகளுக்கு இன்று பெரும்பாலும் 80-க்கு 20.

இருபதுதானே என்பீர்கள். பணக்கார ராஜ்யத்துக்கு அது பெரிதல்ல. பருத்தி விளையும் மிஸிஸிப்பி, தலைக்கு வருமானத்தில் கடைசியில் நிற்கிறது. அதற்கும் அதே இருபதுதான். அதுவும் பணம் முன்கூட்டிக் கைக்கு வராது; வேலை நடந்து பில் காட்டிய பிறகுதான் வரும்.

பங்கு போட முடியாவிட்டால்? வருஷத்துக்குள் செலவாகாத அனுமதியை, ஆகஸ்டு மாதத்தில், செலவு செய்ய வசதியுள்ள ராஜ்யங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்! அந்த நிதிக்கு முக்கிய வரும்படி பெட்ரோல் வரி. 1993 முதல் காலனுக்கு 18.4 சென்ட். பழைய லாரியில் வேலைக்குப் போகும் கூலிக்காரனும் அதைத்தான் கட்டுகிறான், பெரிய காரில் போகும் முதலாளியும் அதைத்தான் கட்டுகிறான். ஏழை ராஜ்யத்துக் கூலிக்காரன் வரி கட்டுகிறான். ரோடு வேறெங்கோ போடுகிறார்கள்.

சலுகையே இல்லையா? உண்டு. மத்திய சர்க்கார் நிலம் ஏராளமாக உள்ள நெவாடா போன்ற ராஜ்யங்களுக்கு 95 வரை கொடுக்கலாம். நிலத்தை அளக்கிறார்கள், ஜனங்களின் வறுமையை அளப்பதில்லை. 1991 முதல், சுங்க ரோடு வசூலைக் கொண்டு செய்த செலவையும் ராஜ்யத்தின் பங்காகக் கணக்குக் காட்டலாம். சுங்க ரோடே இல்லாதவன் எதைக் காட்டுவான்?

இந்த விதி மாற்ற முடியாததுமல்ல. பெருமந்தத்தின்போது 1932-ல், ராஜ்யங்கள் பங்கு போடுவதற்கென்றே 12 கோடி டாலர் கடன் கொடுத்தார்கள். கடன் கொடுத்துப் பங்கு கேட்கிற வேடிக்கை! மறுவருஷம் பங்கே கேட்காமல் 40 கோடி டாலர் கொடுத்தார்கள். 2009 நெருக்கடியிலும் நூற்றுக்கு நூறு. நாடு முழுவதும் நெருக்கடி என்றால் விதி தளர்கிறது. ஒரு ராஜ்யம் மட்டும் வருஷக்கணக்காக வறுமையில் கிடந்தால் தளருவதில்லை. வருமானத்தைப் பார்த்துப் பங்கை நிர்ணயிப்பதுதான் நியாயம்.

அப்பலாச்சிய மலைப் பிரதேசத்துச் சாலைகளுக்கு மட்டும் முழுத் தொகையும் தரலாம் என்று 2012-ல் சட்டம் செய்தார்கள். நிலக்கரி வெட்டும் ஜனங்களின் பூமி அது. அந்தச் சாலைத் திட்டம் தொடங்கியதோ 1965-ல். மேற்கு வர்ஜினியாவில் அதில் ஒரு சாலை இன்னும் முடிந்தபாடில்லை.