கையுறை



'கையுறை' என்றதும் மருத்துவர் அணியும் ரப்பர் உறையே உங்கள் நினைவுக்கு வரும். பழந்தமிழில் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. பெரியோரையும் அன்புக்குரியோரையும் காணச் செல்பவர் கையில் ஏந்திச் செல்லும் பொருளே கையுறை. தலைவன் கொணர்ந்த தழையையும் பூவையும் தோழி ஏற்க மறுப்பதைக் 'கையுறை மறுத்தல்' என்று அகப்பாடல்களில் ஒரு துறையாகவே வகுத்தனர். கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அது ஏற்கத்தக்கதா என்பதையும் எண்ண வேண்டும்.

விடுமுறையில் நண்பன் வீட்டில் நான்கு நாள் தங்குகிறீர்கள். தேர்வெழுத வெளியூர் சென்று உறவினர் வீட்டில் உண்டு உறங்குகிறீர்கள். அந்த வீட்டாருக்கு நன்றியாக எதைக் கொடுப்பது? பையில் பணமில்லையே என்பதுதான் முதற்கவலை. அது வேண்டாத கவலை என்பேன்.

புறநானூற்றின் 208ஆம் பாட்டைப் பாருங்கள். பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். அவன் அவரை நேரிற் காணாமலே பரிசில் அனுப்பினான். புலவரோ வறுமையில் உழன்றவர்; ஆயினும் அதை ஏற்கவில்லை. முகம் பாராது தரும் பொருள் வாணிகப் பண்டத்துக்கு ஒப்பாகும், தகுதி அறிந்து தருவதாயின் மிகச் சிறியதும் போதும் என்பது அப்பாட்டின் கருத்து.

முகம் பார்த்தல் என்றால் அந்த வீட்டை உற்றுப் பார்த்தல். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. பல்லில்லாத பாட்டனாருக்கு அப்பெருமையால் என்ன பயன்? நீரிழிவு உடையவர் முன்னிலையில் அல்வாப் பொட்டலத்தைப் பிரிப்பது அவரைச் சோதிப்பதாகும். நண்பகலில் திண்ணையில் சாய்பவருக்கு ஒரு கோரைப்பாய் போதும்.

நான் பணியாற்றிய பள்ளியின் மாணவன் ஒருவன் பொதுத்தேர்வின்போது நண்பன் வீட்டில் பதினைந்து நாள் தங்கினான். அவன் தாய் கூலி வேலை செய்பவர். தேர்வு முடிந்ததும், கடன் வாங்கியேனும் நண்பனின் தாய்க்கு எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று துடித்தான். என்னிடம் யோசனை கேட்டான். "அந்த அம்மா எதையாவது இல்லையென்று சொன்னதுண்டா?" என்றேன். நெடுநேரம் எண்ணிப் பார்த்து, "முருங்கைக்கீரைக்கு மட்டும் அடுத்த தெருவில் போய்க் கேட்டு வாங்கி வருவார்கள், ஐயா" என்றான். கொல்லையில் இடம் இருந்ததாம். மறுவாரம் தன் வீட்டு மரத்தில் முதிர்ந்த போத்து ஒன்றை ஐந்தடி நீளத்துக்கு வெட்டிப் பேருந்தின் கூரைமேல் ஏற்றிச் சென்றான். குழி தோண்டி நட்டு, வெட்டுமுனையில் சாணம் அப்பிவிட்டுத் திரும்பினான். பேருந்துக் கட்டணம் மட்டுமே செலவு. குடம் வந்திருந்தால் அந்த அம்மையார் வருந்தியிருப்பார். கூலி வேலை செய்யும் ஒருத்தியின் தலையில் கடனாக ஏறிய குடத்தில் அவர் எப்படித் தண்ணீர் மொள்வார்?

விலை மிகுந்த பரிசு பெற்றவரையும் கடனாளி ஆக்குகிறது. அடுத்த முறை உங்களை அழைக்கவே அவர்கள் தயங்குவார்கள். (விலைச்சீட்டைக் கிழிக்காமலே கொடுப்பவர்களும் உண்டு, அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.)

நண்பனின் தாய் பலகாரம் வைத்துக் கொடுத்த தூக்குப்பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாதீர்கள். நம் வீடுகளில் ஒரு பிடி சர்க்கரையாவது இட்டு அனுப்புவார்கள். விடுதியில் சர்க்கரை ஏது என்பீர்கள். இரண்டு வாழைப்பழம் கிடைக்காதா?

ஊர் சேர்ந்த வாரத்துக்குள் ஒரு கடிதமும் எழுதுங்கள். கைபேசியில் 'நன்றி' என்று தட்டி அனுப்புவதை நான் குறை கூறவில்லை. ஆனால் பாட்டி அதைத் தலையணையடியில் வைத்துக்கொள்ள முடியாது. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொதுவாக எழுதாமல், விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டதை எழுதுங்கள். காய்ச்சலன்று தந்த மிளகு ரசத்தை எழுதுங்கள். முகவரியில் அந்த அம்மாவின் பெயரையே எழுதுங்கள். நம் வீடுகளுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தந்தையார் பெயருக்கே வருகின்றன.