குகனும் வேண்டும்



நோயுற்றோரையும் முதியோரையும் பேணுதல் அறம் என்பதை இச்சபைக்கு யான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், பேணுகின்றவரைப் பேணுவது யார்? யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

பசறை, நமுனுகுல, அப்புத்தளை எங்கே சென்றாலும் தோட்டத்து லயங்களில் அத்தகைய ஒரு பெண்ணைக் காணலாம். பாரிசவாதத்தால் படுத்துவிட்ட மாமியாருக்கு விடியுமுன் உடல் துடைத்து, கஞ்சி புகட்டிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். கொழுந்து நிறுத்துத் திரும்பியதும் மீண்டும் அதே பணி. இரவிலும் பலமுறை எழும்ப வேண்டும். பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள் வந்தால் அன்றைய பேர் போய்விடும். தன் இடுப்புவலியை எவரிடமும் சொல்லமாட்டாள். சற்று ஓய்வெடு என்றால், நான் உட்கார்ந்தால் யார் பார்ப்பது என்று கேட்பாள். அவள் கேள்வி நியாயமானதே. கைமாற்ற ஒருவர் வந்தாலன்றி அவளுக்கு ஓய்வேது?

இலட்சுமணன் 14 ஆண்டுகள் துயிலவில்லை என்று போற்றுகின்றோம். கங்கைக் கரையில் குகன் செய்ததை மறந்துவிடுகின்றோம். படுக்கை ஆயத்தமாயிருக்கிறது, நீ உறங்கு, காவலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று குகன் சொன்னதாக வான்மீகி கூறுகிறார். இலட்சுமணன் இசையவில்லை. அவன் ஆதிசேடனின் அவதாரம், தாங்கினான். நம் மருமகளும் மகளும் மானிடப் பிறவிகள். உறக்கம் கெட்டால் சினம் மிகும், மருந்துவேளை தவறும், தூக்கும்போது கை நழுவினால் நோயாளியும் விழுவார். ஆகவே, பேணுபவரின் ஓய்வு நோயாளிக்கும் மருந்தாகும்.

நமது நாட்டின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்துகின்றது. அச்சுமையைத் தனியே தாங்குபவருக்குத் தோள்கொடுப்பது அயலவர் கடமையன்றோ? இங்கிலாந்திலே மேரி வெப்ஸ்டர் என்னும் பெண் போதகர், பெற்றோரைப் பேணுவதற்காகத் தம் பணியைத் துறந்தவர். அவர் 1963இல் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தைக் கண்டு, அவரைப்போன்ற பெண்கள் பலர் எழுதினர். 1965இல் அவர்களுக்கென ஒரு சங்கமே தோன்றிற்று.

நமக்கோ முன்மாதிரி தோட்டத்திலேயே இருக்கின்றது. பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் தாயை எவரும் பழிப்பதில்லை. படுக்கையிலுள்ள கிழவரை இரண்டு மணிநேரம் அயலாரிடம் விட்டுச் செல்பவளை மட்டும் ஏன் பழிக்கவேண்டும்?

வாலிப அன்பர்களே! ஞாயிறுதோறும் இருவர் இருவராக முறைவைத்து, அத்தகைய வீடுகளுக்குச் செல்வோம். பெண் நோயாளியிடம் நம் சகோதரிகள் இருக்கட்டும். மருந்து, உணவு, தூக்கும் முறை யாவையும் முன்னரே கேட்டறிவோம். அந்த மூன்று மணிநேரத்தில் அவள் உறங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும், தாய்வீட்டுக்குப் போகட்டும். கணக்குக் கேட்க வேண்டாம். அவ்வீட்டு ஆண்மக்களும் ஓரிரவேனும் விழித்திருக்கப் பழகட்டும். பெரியோர்களே, "போய் வா அம்மா" என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் ஊர்ப்பேச்சு அடங்கும்.

முதலில் அவள் மறுக்கவே செய்வாள். இலட்சுமணன் மறுத்தபோது குகன் திரும்பிப் போய்விடவில்லை. அவ்விரவு முழுதும் உடன் விழித்திருந்தான். நாமும் முதல் வாரம் அவளருகிலேயே இருந்து உதவுவோம். நம் கைப்பழக்கத்தைக் கண்டபின், அடுத்த வாரம் நம்மிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே செல்வாள்.