கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பணுமா?

(உழவர்களுக்கான மின் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் உதவிப் பொறியாளர் ஒருவரின் உரை)

“வோல்டேஜே வர்றதில்லை சார், பெரிய ட்ரான்ஸ்பார்மர் வைங்க” என்று கேட்கிறீர்கள். சில இடங்களில் வைக்கத்தான் வேண்டும். அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு.

10 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது எடுப்பது சுமார் 14 ஆம்பியர். சாதாரண டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது மட்டும் அதைப் போல ஆறு மடங்கு, 84 ஆம்பியர் இழுக்கும். 100 கே.வி.ஏ. ட்ரான்ஸ்பார்மர் ஒரு பேஸில் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 133 ஆம்பியர். ஐந்து மோட்டார் ஓடினால் 70 ஆம்பியர், தாராளமாகத் தாங்கும். ஐந்தும் சேர்ந்து கிளம்பினால் 420! வோல்டேஜ் படுத்துவிடும். வோல்டேஜ் 20 சதவீதம் இறங்கினால் மோட்டாரின் சுழற்றும் விசை 36 சதவீதம் இறங்கும். மோட்டார் வேகம் பிடிக்காமல் முனகிக்கிட்டே கரண்டை இழுக்கும். காயில் கருகுவது அப்படித்தான்.

ஒரே நொடியில் யார் சுவிட்ச் போடுறா? ஆட்டோ ஸ்டார்ட்டர் போடுது. கரண்ட் போய்த் திரும்பியதும் எல்லாக் கொட்டகையிலும் மோட்டார் தானாகக் கிளம்பும். செல்போன் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் விட்டாலும் இதே கதைதான். இந்தப் பெட்டிகள் பலவற்றில், கரண்ட் வந்து எத்தனை நொடி கழித்துக் கிளம்ப வேண்டும் என்று வைக்கும் டைமர் இருக்கு. ஒரே ட்ரான்ஸ்பார்மரில் இருக்கிறவங்க வாட்ஸ்அப்பில் பேசி, ஒருத்தர் 20 நொடி, அடுத்தவர் 40, அதுக்கடுத்தவர் 60 என்று பிரிச்சுக்கோங்க. காசு செலவில்லை.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் கிளம்பும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் மோட்டாரிலிருந்து ஆறு ஒயர் வெளியே வர வேண்டும். போர்வெல்லுக்குள் மூன்று ஒயர் மட்டும் இறங்கியிருந்தால் போட முடியாது. அதற்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருக்கு, விலை கூடுதல். ஸ்டாரில் வேகம் பிடிக்கும் முன்பே டெல்டாவுக்கு மாறும்படி வைத்தால் பழைய இழுப்பு அப்படியே வரும். ஒயர்மேனிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். கெப்பாசிட்டர் போட்டாச்சே என்பார்கள். அது ஓடும்போதுதான் உதவும், கிளம்பும் இழுப்பைப் பெரிதாகக் குறைக்காது.

5 ஹெச்.பி. இணைப்பில் 7.5 ஓட்டுறவங்களும் இங்கே இருக்கீங்க. பேர் சொல்லலை. அந்தக் கூடுதல் சுமை கணக்கில் வராததால்தான் ட்ரான்ஸ்பார்மரே சின்னதாக வந்திருக்கும். பதிவு செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், எல்லா மோட்டாரும் சீராக ஓடும்போதே வோல்டேஜ் குறைவாக இருந்தால், மீட்டரைத் தேதி நேரத்தோடு போட்டோ எடுத்துவைத்து, மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதியுங்கள்.